ஈரம் தங்காத வீடு

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தாறாம் வருஷ மழைக்காலத்தில், பாலைவன ஊர்க்காரரான ஒரு சேட்டு ரங்கூனில் புது மோஸ்தரில் வீடு கட்டினார். தம் ஊரைப் போலவே கனத்த சுவர், சிறு சன்னல், நடுவில் முற்றம். மழை ஊருக்கு இது எதற்கு என்று கூலிகள் நாங்கள் சிரித்தோம்.

சுண்ணாம்புச் சுவர் வெடிக்காமலிருக்கத் தண்ணீர் விடுவது என் வேலை. குடம் குடமாக ஊற்றியும் சுவர் உடனே காய்ந்தது. முற்றத்தில் மழை விழுந்தது, தரை நனையவில்லை.

ரங்கூனின் போட்டாதாங் பேட்டையில், கூலிகள் நாங்கள் குடியிருந்த லைன் அறைகளில் எதுவும் உலராது. அதனால் எங்கள் கைக்குழந்தையின் துணிகளை அந்த வீட்டில் காயப்போட என் பெண்சாதி உமையாளை நான்தான் அனுப்பினேன். குழந்தையோடு மத்தியானம் வரை அங்கேயே இருந்தாள். துணிகள் மொறமொறவென்று காய்ந்தன.

மறுநாள் அவளுக்குப் பால் இல்லை.

குழந்தையை ஏந்திக்கொண்டு பக்கத்து அறைச் சொர்ணம்மாள் முன் தலைகுனிந்து நின்றேன். அவளும் பிள்ளை பெற்றவள்.

“துணியைக் காயப்போடச் சொல்லி, பெண்டாட்டியையே காயப்போட்டுட்டீரே, அண்ணே” என்றபடி குழந்தையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டாள்.

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு மழையைப் பார்த்தேன். என் குழந்தை வெகுநேரம் குடித்தது.

பிறகு அவள் தன் பிள்ளையை எடுத்து அணைத்தாள். அது ஒரு வாய் இழுத்தது; பால் வராமல் வீரிட்டு அழுதது.

“அண்ணே” என்றாள் சொர்ணம்மாள்.

நான் திரும்பிப் பார்க்கவில்லை.