ஆறு பன்றிகள், ஒரு கிணறு

“அரசாங்க வேலைக்கு வர்றவ நகப்பூச்சை நகத்தோட நிறுத்திக்கக் கூடாதா?” என்று நகிபாயே மனைவியிடம் முணுமுணுத்தார். தண்ணீர் இலாகாப் பெண் ரெரெயாவோவுக்கு விரல் நுனியெல்லாம் சிவந்திருந்தது.

அவள் குப்பியோடு தனியாக அவருடைய பன்றிப் பட்டிக்குள் போனாள். கழிவுக் குழியில் சாயத்தை ஊற்றி, பலகையால் மூடிவிட்டு வந்தாள்.

பக்கத்து வீட்டு இயோதெபா தன் கிணற்றடியில் நின்றிருந்தான். “ரெண்டு வருஷமா இந்த நாத்தம், பெரியவரே. இப்ப எம்புள்ளைக்கு வயித்தால போகுது.”

“எங்க பன்னி எங்க மண்ணுல பேளுது. அது உன் கிணத்துக்கு நடந்தா வருது?”

“மணலுக்கடியில ஊறி வரும், பெரியவரே,” என்றாள் ரெரெயாவோ. “சாயம் இந்தக் கிணத்துல தெரிஞ்சா பட்டியை எடுத்துரணும். ஒரு வாரத்துல வந்து பாக்கிறேன்.”

“பக்கத்துத் தீவுல பச்சையா வந்துச்சாமே?” என்றான் இயோதெபா.

“வந்தா தெரியும்,” என்று சொல்லிவிட்டு அவள் வண்டியேறினாள்.

மூன்றாம் நாள் காலை இயோதெபாவின் கிணறு பச்சைப் பசேலென்று கிடந்தது. ஊரே வந்து எட்டிப் பார்த்தது. நகிபாயேவும் பார்த்தார்.

“அந்தப் பொண்ணு வரட்டுமே, என்ன அவசரம்?” என்றாள் மனைவி.

“கண்ணுக்குத் தெரியுதே, இன்னும் என்ன? ஊர்த் தண்ணியைக் கெடுத்த குடும்பம்னு ஒருநாள் கூடப் பேர் நிக்கக் கூடாது.”

பேரனின் முதல் பிறந்தநாளுக்கென்று வளர்த்த ஆறு பன்றிகளையும் அன்றே வெட்டச் சொன்னார். பட்டியைப் பிரித்தார். மறுநாள் ஊர்ச் சபைக் கூரையின் கீழ், பாட்டன் காலத்திலிருந்து தன் குடும்பம் உட்காரும் தூணருகே எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டார். ஊருக்குப் போட்ட கறி விருந்தில் முதல் பங்கை, தொடையாகப் பார்த்து, இயோதெபாவின் இலையில் தன் கையாலேயே வைத்தார்.

“பெரிய மனசு உங்களுக்கு,” என்றான் இயோதெபா, வாய் நிறைய மென்றபடி. “பேரன் பொறந்தநாளுக்கு என்ன செய்வீங்க?”

“டின் மீன் இருக்கு.”

சேதி கேள்விப்பட்டு ரெரெயாவோ ஓடிவந்தாள். கிணற்றிலிருந்து மொண்டு வந்த பச்சைத் தண்ணீர்ப் புட்டி அவள் கையில் இருந்தது. பிரித்த பட்டியைப் பார்த்துவிட்டு வந்திருந்தாள். எலும்புகளைப் பார்த்தாள், இயோதெபாவைப் பார்த்தாள்.

“உக்காரும்மா, சாப்பிடு,” என்றார் நகிபாயே. “உன் சாயம் வேலை செஞ்சிருச்சு.”

அவள் உட்காரவில்லை. சிவந்த விரல்களை அவர் முன்னால் விரித்துக் காட்டினாள்.

“பெரியவரே, நான் ஊத்துனது சிவப்பு.”