இடமாகச் சுற்றுகிறவர்

“எதுத்தாப்புல வாரவர்கிட்ட ஒரு வார்த்தை பேசினா வாயில உள்ள முத்தா உதிர்ந்துரும்?” என்று கேட்டாள் மனைவி பாண்டிசெல்வி.

“நான் ஏன் பேசணும்? அவன் பேசட்டும்” என்றார் வைகுண்டராஜ், மஃப்ளரைக் காதோடு இறுக்கிக்கொண்டு.

அது மார்கழி பதினேழா, பதினெட்டா என்று இப்போது நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரத்தைப் பாதிக்கு மேல் பனி மூடியிருந்தது மட்டும் நினைவிருக்கிறது.

வைகுண்டராஜும் பால்ச்சாமியும் இருபத்திரண்டு வருடம் ஒரே பஸ்ஸில் ஓடியவர்கள். இவர் டிரைவர், அவர் கண்டக்டர். ஒரு விசிலுக்கு இவர் நிறுத்துவார், இரண்டு விசிலுக்குக் கிளப்புவார். அதற்குமேல் பேச்சே தேவைப்படாத சிநேகிதம். ஓய்வு பெற்ற பிறகுதான் உட்கார்ந்து பேச ஆரம்பித்தார்கள். வினையும் அப்போதுதான் வந்தது.

அய்யனார் கோவில் அருவிக்குக் குளிக்கப் போன இடத்தில், வைகுண்டராஜ் வைத்த ஆட்டுக்கறிக் குழம்பைப் பத்துப் பேர் முன்னால், “கசாயம் மாதிரி இருக்குலே” என்று சொல்லிவிட்டார் பால்ச்சாமி. வார்த்தை தடித்தது. “இனி நானா வந்து உங்கிட்ட பேசினா என் பேரு பால்ச்சாமி இல்ல” என்று போனவர்தான். மூன்று வருடம் ஆகிவிட்டது. அவர் பேச்சை யாரும் தன் முன்னால் எடுக்கக் கூடாது என்று வைகுண்டராஜ் சொல்லி வைத்தார். யாரும் எடுக்கவில்லை.

இப்போது மகள் செல்வலட்சுமிக்குத் தை மாதம் கல்யாணம். “பால்ச்சாமி மாமா வராட்டா நான் மணவறைக்கே வர மாட்டேன்” என்று அவள் ஒற்றைக்காலில் நிற்கிறாள். ஒன்பது நாளாகப் பத்திரிகை வைகுண்டராஜின் சட்டைப்பையில் கிடந்து, பனியில் நமுத்துப்போயிருந்தது.

“ஊரே கோயிலை வலமாச் சுத்துது. அவன் மட்டும் இடமாச் சுத்துதான். எதுக்கு? என்னை மொறச்சிட்டுப் போகணும்னே!”

“ரெண்டு பேரும் பச்சப்பிள்ளையளா? வாயத் தொறக்காண்டாம். பத்திரிகைய நீட்டிட்டு நடங்க, போதும்.”

வைகுண்டராஜ் தெருவில் இறங்கினார். மற்ற பதினொரு மாத வெயிலையும் இந்த ஒரு மாத நடைக்காகத்தான் அவர் பொறுத்துக்கொள்கிறார். வாசல்தோறும் ஈரக் கோலம், சாணிப் பிள்ளையார் தலையில் பூசணிப்பூ. பால்கோவா அடுப்புகளில் பால் சுண்டுகிற வாசனை பனியோடு கலந்து தெரு முனைவரை வந்தது. நான்கு ரத வீதிகளையும் ஒரு சுற்று சுற்ற இருபது நிமிடம். எதிர்த்திசையில் வருகிற பால்ச்சாமியைச் சுற்றுக்கு இரண்டு முறை கடக்க வேண்டும்.

தேர் நிற்கிற இடத்தில் வந்தார் பால்ச்சாமி. குரங்குத் தொப்பி, சிவப்புக் கயிறு கட்டிய வெள்ளை ஷூ. வைகுண்டராஜின் கை சட்டைப்பைக்குப் போனது. பால்ச்சாமியின் பார்வையும் அங்கே போனது. கை மஃப்ளரைச் சரிசெய்துவிட்டுக் கீழே இறங்கியது. இருவரும் கடந்துபோனார்கள். அன்று அப்படி ஆறு தடவை.

மறுநாள் பால்ச்சாமியைக் காணோம்.

முதல் சுற்றில், தாமதம் என்று நினைத்தார். இரண்டாவது சுற்றில் கோலங்கள் கண்ணில் படவில்லை, பால் வாசனை தெரியவில்லை. போன வருடம் பால்ச்சாமிக்கு நெஞ்சில் அடைப்பு எடுத்தார்கள் என்று யாரோ டீக்கடையில் பேசியது காதில் விழுந்திருந்தது. மூன்றாவது சுற்றைப் பாதியில் விட்டுவிட்டு, மேல ரத வீதிக்குப் பின்னால் இருந்த பால்ச்சாமி வீட்டுக்கு ஓட்டமும் நடையுமாகப் போனார்.

வாசலில் அந்த வெள்ளை ஷூ கிடந்தது. ஆள் உள்ளேதான் இருக்கிறான், எழுந்திருக்க முடியவில்லை போல! வைகுண்டராஜ் கதவைப் படபடவென்று தட்டினார்.

“ஏலே பால்ச்சாமி!” மூன்று வருடக் குரல் ஒரேயடியாக வெளியே வந்தது.

கதவைத் திறந்தது முன்பின் தெரியாத ஒரு பெண். பெயர் மாரிச்செல்வி என்றாள்.

“மாமாவையா தேடுதிய? எங்களுக்கு வீட்டை வாடகைக்கு விட்டுட்டு, ராஜபாளையத்துல மக வீட்டுக்குப் போயி ரெண்டு வருசமாச்சே அவிய!”

“நேத்துக்கூட இங்கன நடந்தானேம்மா?”

“தெனமும்தான் நடக்காவ. மொத பஸ்ஸுல வந்து எறங்கி, இங்கன ஷூவை மாட்டிக்கிட்டுப் போவாவ. நடந்து முடிச்சதும் ஷூவைக் கழட்டிப் போட்டுட்டு அடுத்த பஸ்ஸுல ஏறிருவாவ. நேத்து லேசா இருமுனாவளாம். பனியில போகக் கூடாதுன்னு மக இன்னைக்குக் கதவைப் பூட்டிச் சாவிய ஒளிச்சி வச்சிட்டாளாம். விடியமுன்ன மாமா போனைப் போட்டு ஒரே பொலம்பல்.”

வைகுண்டராஜ் குனிந்து அந்த ஷூவை ஜோடியாகச் சேர்த்து வைத்தார். பிறகு, “ராஜபாளையத்துல நடக்க ரோடே இல்லையாமா?” என்று கேட்டார்.

“நானும் அதைத்தான் கேட்டேன். ‘ரோடு கெடக்கு தாயி, எதுத்தாப்புல வார டிரைவரு இல்லையே’ன்னாவ. ஆமா, நீங்க யாரு?”

அன்றே வைகுண்டராஜ் ராஜபாளையத்துக்கு பஸ் ஏறினார். முதலில் பேசியதும் அவர்தான். செல்வலட்சுமி மணவறையில் உட்கார்ந்தாள். மறுவீட்டுக் கறிக்குழம்பைக் கசாயம் என்று சொல்லிக்கொண்டே பால்ச்சாமி இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். ஷூ இன்னும் மாரிச்செல்வி வீட்டு வாசலில்தான் கிடக்கிறது. இருவரும் இப்போது பேசிக்கொள்கிறார்கள். நடப்பது மட்டும் ஒருவர் வலமாக, ஒருவர் இடமாக.