முப்பத்தாறு படம்

"முப்பத்தாறு படமோ? ஒரு சாமத்திய வீட்டுக்கு முப்பத்தாறே முப்பத்தாறு படமோ?"

இராசேஸ்வரி போட்ட சத்தத்தில் பந்தலில் இருந்த பாதிப் பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

இன்று அவருடைய தம்பி தயாபரனின் மகள் யதுர்ஷிகா பெரியபிள்ளையானதற்குத் தண்ணீர் வார்ப்பு. வட்டக்கச்சிச் சொந்தங்கள் எல்லாம் கூடியிருந்தன. தகப்பனின் மூத்த சகோதரி என்றபடியால் ஆலாத்தித் தட்டு இராசேஸ்வரியின் கையில். அவர் இல்லாமல் ஒன்றும் நடக்காது.

படம் பிடிக்க வந்த கிறிஸ்தோப்பர் ஓர் ஓரமாக நின்றார். அவர் கழுத்தில் தொங்கியது பிலிம் போடுகிற பழைய கமரா.

"ஓம் அம்மா, ஒரு றோலுக்கு முப்பத்தாறுதான். ஒரு றோல் காணுமெண்டு பிள்ளையின்ர தாய்தான் சொன்னவா."

"சரி, படத்தை எப்ப பாக்கலாம்?"

"கொழும்புக்கு அனுப்பித்தான் கழுவவேணும். மூண்டு கிழமை செல்லும்."

"மூண்டு கிழமைக்குப் பிறகு ஆர் பாக்கிறது? இந்தக் கமராவைப் பழைய இரும்புக்காரனும் வாங்கமாட்டான்!"

கோபம் வராமல் என்ன செய்யும்? ஊரில் பிள்ளை பந்தலை விட்டு இறங்குமுன் படம் கனடாவுக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிற காலம் இது.

படத்தின் கதி இப்படி என்றால் வாசலில் நடந்தது அதைவிட மோசம். பெண்ணின் தாய் சிவனேஸ்வரி ஒரு கடகத்தோடு நின்று, வந்தவர்களின் போன்களை எல்லாம் வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தார்.

"குறை நினைக்காதேங்கோ. சாப்பிட்டுப் போகேக்க தாறன். இண்டைக்குப் போனில ஒருத்தரும் படம் எடுக்கவேண்டாம்."

குறை நினைக்காமல்? கூப்பிட்டுச் சோறு போட்டு அவமானப்படுத்துவது என்றால் இதுதான்.

"சரியான கசவாரம். போனில எடுக்கிறதுக்கும் இவவுக்குச் செலவோ?" என்றார் ஒருவர், சிவனேஸ்வரிக்குக் கேட்கட்டும் என்றே.

இராசேஸ்வரி தன் போனைக் கொடுக்கவில்லை.

"சிவனேஸ், உமக்கென்ன விசரே? போன வருசம் என்ர மகள் சாரங்காவுக்கு எப்பிடிச் செய்தனாங்கள்? ட்றோன் விட்டு எடுத்தது. ஸ்ரூடியோக்காரர் தங்கட பேஜில போட்டு அறுபதாயிரம் பேர் பாத்தவை. தெரியுமோ?"

"தெரியும் மச்சாள்."

"தெரிஞ்சுகொண்டோ என்ர தம்பியின்ர பிள்ளைக்கு இப்பிடிச் செய்யிறீர்?"

சிவனேஸ்வரி அடுத்தவரின் போனுக்குக் கடகத்தை நீட்டினார். அதைக் கண்டு இராசேஸ்வரிக்குக் கோபம் இன்னும் ஏறியது.

"நானும் எவ்வளவோ சொல்லிப் பாத்தன் அக்கா. கேக்கிறாவில்லை," என்றான் தயாபரன். கட்டிய புருசனும் கைவிட்டாயிற்று.

சேலை உடுத்தி, பூச்சடை வைத்து, யதுர்ஷிகாவைக் கூட்டிவந்து மணவறையில் இருத்தினார்கள். கிறிஸ்தோப்பர் கமராவைக் கண்ணில் வைத்தார், யோசித்தார், ஒரேயொரு படம் எடுத்தார்.

இராசேஸ்வரிக்குப் பொறுக்கவில்லை. ஆலாத்தித் தட்டைக் கதிரையில் வைத்துவிட்டுப் போனைத் தூக்கினார்.

"நானே எடுக்கிறன். நானே போடுறன். என்ர மருமகள். ஆர் தடுக்கிறதெண்டு பாப்பம்!"

சிவனேஸ்வரி குறுக்கே வந்து போனைக் கையால் பொத்தினார். இத்தனை சனத்துக்கு முன்னால், புருசனின் மூத்த சகோதரியை!

"கையை எடும்!"

"மாட்டன் மச்சாள்."

"அப்ப ஆலாத்திக்கு வேற ஆளைத் தேடும். இந்த வீட்டு வாசலை இனி மிதிக்கமாட்டன். சாரங்கா, வா போவம்!"

மணவறையில் பிள்ளைக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படி ஒரு பிடிவாதக்காரி எந்த வீட்டுக்கு ஆகும் என்றுதான் எல்லோரும் சிவனேஸ்வரியைப் பார்த்தார்கள்.

சாரங்கா எழும்பி வந்தாள். வந்து, தாயின் பக்கம் போகாமல் சிவனேஸ்வரியின் பக்கத்தில் நின்றாள்.

"மாமியை ஏசாதேங்கோ அம்மா. பிலிம் கமராவில எடுப்பிக்கச் சொல்லி நான்தான் கேட்டனான்."

"நீயோ? உனக்கென்ன வந்தது?"

"பிலிமைக் கழுவி எங்கட கையில தந்திடுவினம். பிறகு ஒருத்தரும் எங்கையும் போடேலாது. என்ர வீடியோவைப் பேஜில இருந்து எடுக்கச் சொல்லி மாமி எத்தினை தரம் ஸ்ரூடியோவுக்குக் கதைச்சவா தெரியுமோ? நல்ல விளம்பரம், எடுக்கமாட்டம் எண்டிட்டாங்கள்."

"ஏன் எடுக்கவேணும்? எல்லாரும் வடிவெண்டு தானே சொன்னவை?"

"எத்தினை பேர் பாத்தவை எண்டுதான் நீங்கள் பாத்தனீங்கள். அதுக்குக் கீழ என்ன எழுதிக் கிடக்கெண்டு வாசிச்சனீங்களோ?"

இராசேஸ்வரி போனைத் தாழ்த்தினார். பிறகு சிவனேஸ்வரியின் பக்கம் திரும்பினார்.

"இதை ஏன் நீர் என்னட்டச் சொல்லேல்லை?"

சிவனேஸ்வரி சாரங்காவைப் பார்த்தார். சாரங்காதான் சொன்னாள்:

"சொல்லக்கூடாதெண்டு நான்தான் மாமியிட்டச் சத்தியம் வாங்கினனான். அதில எழுதினதைச் சொல்லித்தான் ரியூசனில பெடியங்கள் என்னைக் கூப்பிடுறவங்கள் அம்மா. நாலு மாசமா நான் ரியூசனுக்கே போகேல்லை. பின்னேரத்தில சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்து, மாமியின்ர குசினியிலதான் இருந்து படிக்கிறன்."