அக்கா தந்த அனுமதி

அம்மாவின் படங்களையெல்லாம் அக்கா கிளவுடில் ஒரே ஃபோல்டரில் போட்டு வைத்திருந்தாள். அக்கா செத்து மூன்று மாதம் ஆகிறது. என் போனில் அந்த ஃபோல்டர் திறக்கவே இல்லை.

“அவங்க அனுமதி கொடுக்கணும்,” என்றார் போன் ரிப்பேர் கடைக்காரர்.

“செத்தவ எப்படிங்க கொடுப்பா?”

“கேட்டுத்தான் பாருங்களேன்.”

‘அனுமதி கேள்’ என்றிருந்த பட்டனை அழுத்தினேன். ‘மறுக்கப்பட்டது’ என்று உடனே வந்தது. அக்காவின் போன் என் கைப்பையில் அணைந்து கிடந்தது. கடைக்காரர் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டார்.

“பயப்படாதீங்க,” என்றேன். “உயிரோட இருந்தப்பவும் பீரோ சாவியைத் தரமாட்டா.”

‘அவங்க எனக்கும் அம்மாதான்!’ என்று எழுதி மறுபடி அனுப்பினேன். இந்த முறை கொஞ்ச நேரம் ஆனது. ஃபோல்டர் திறந்தது. மேலே ஒரு வரி: ‘பார்க்கலாம். டவுன்லோட் செய்ய முடியாது.’

“பார்த்தீங்களா அவ புத்தியை!”

என் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, அதற்கும் கேட்டு அழுத்தினேன்.