ஹலோ அக்காவுக்குப் புரியவில்லை

"அந்தம்மாவை மட்டும் பயிற்சியில இருந்து எடுத்துடுங்க சார்" என்றார் பயிற்சியாளர்.

கண்காணிப்பாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "யாரு, ஹலோ அக்காவா?"

நகராட்சி அலுவலகத்தில் விசாரணைத் தொலைபேசிக்குப் பதினோரு வருஷமாகப் பதில் சொல்பவர். ஒப்பந்த வேலை. வீட்டிலிருந்து பிள்ளைகள் கூப்பிட்டாலும் "ஹலோ, விசாரணை" என்றுதான் ஆரம்பிப்பார். அதனால் அந்தப் பெயர்.

அலுவலக இணையதளத்தை ஜனங்களுக்குப் புரிகிற மாதிரி மாற்றி எழுத, ஊழியர்களுக்கு ஒரு வாரப் பயிற்சி. எட்டுப் பேரில் ஏழு பேர் சொன்னதை எழுதினார்கள். அக்காவிடம் எதைக் காட்டினாலும் ஒரே பதில்தான். "புரியலை சார்."

"பிறப்புச் சான்றிதழ்ப் பக்கத்துல 'உரிய ஆவணங்களை உரிய அலுவலரிடம் உரிய நேரத்தில் சமர்ப்பிக்க வேண்டும்'னு இருந்தது. எந்த உரியன்னு கேட்டாங்க. நியாயம். நானே மாத்தி எழுதினேன். 'தேவையான ஆவணங்களுடன் அலுவலகத்தை அணுகவும்.' நாலே வார்த்தை. அதுவும் புரியலையாம்."

கண்காணிப்பாளர் குரலைத் தாழ்த்தினார். "பக்கம் புரிஞ்சுட்டா யார் சார் போன் பண்ணுவாங்க? போன் வரலைன்னா அந்த நாற்காலி எதுக்கு? அதான் முட்டுக்கட்டை."

பயிற்சியாளருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அன்றைய அறிக்கையில் அக்காவின் பெயருக்கு நேரே 'ஒத்துழைப்பு இல்லை' என்று எழுதினார்.

மறுநாள் எல்லார் முன்னாலும் கேட்டார். "எப்படி எழுதினாத்தான் உங்களுக்குப் புரியும்? நீங்களே எழுதிக் காட்டுங்களேன்."

யாரோ சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. சாப்பாட்டு நேரம் முடிந்ததும் ஒரு தாளை நீட்டினார்.

'குழந்தையின் பெயரில் எழுத்துப் பிழையா? பழைய சான்றிதழ், அப்பா அம்மா இருவரின் அடையாள அட்டை கொண்டு வாருங்கள். ஜெராக்ஸ் மட்டும் போதாது, அசலும் வேண்டும். அறை எண் 4. காலை பத்து முதல் ஒரு மணி வரை. யாராவது ஒருவர் வந்தால் போதும். குழந்தையைத் தூக்கி வர வேண்டாம்.'

"கடைசி வரி எதுக்கு?"

"பாதிப் பேர் கைக்குழந்தையோட வந்து வரிசையில நிக்கறாங்க சார். வேண்டாம்னு யாரும் சொல்லலை."

அந்தப் பக்கம் அப்படியே இணையதளத்தில் ஏறியது. அந்த வாரத்துக்குள் குடிநீர் இணைப்பு, கடை உரிமம் என்று இன்னும் ஒன்பது பக்கங்களை அக்கா எழுதிக் கொடுத்தார்.

ஒரு நாளைக்கு நூற்று முப்பது அழைப்புகள் வந்த தொலைபேசிக்கு மூன்றாவது வாரம் இருபதுகூட வரவில்லை.

மாதக் கடைசியில் பயிற்சியாளர் தன் பயிற்சிக் கட்டண ரசீதில் கையெழுத்து வாங்க வந்தபோது, அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. விசாரணைப் பிரிவு இன்றுடன் மூடப்படுகிறது.

அவருக்குச் சுருக்கென்றது. எல்லார் முன்னாலும் சீண்டிவிட்டோம், ரோஷத்தில் எழுதித் தன் வேலைக்குத் தானே உலை வைத்துக்கொண்டார் என்று தோன்றியது.

அக்கா மேஜை இழுப்பறையைக் காலி செய்துகொண்டிருந்தார்.

"என்னாலதாம்மா எல்லாம். அன்னிக்கு நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. இப்படி ஆகும்னு உங்களுக்கு யாரும் சொல்லலையா?"

"தெரியும் சார்" என்றார் அக்கா, பையின் ஜிப்பை இழுத்தபடி. "அழைப்பு அம்பதுக்குக் கீழே போனா இந்தப் பிரிவை மூடிடணும்னு பயிற்சிக்கு முந்தின நாளே உத்தரவு தயார். டைப் அடிக்க ஆளில்லைன்னு என்கிட்டதான் கொடுத்தாங்க."