லெஸ்டர் மாமாவைக் கொல்ல ஆள் இல்லை

பர்பாங்க் ஸ்டூடியோவின் எழுத்தாளர் அறையில் இருந்தவர்கள்: நகைச்சுவைத் தொடரை எழுதித் தயாரிக்கும் வெண்டல், உதவி எழுத்தாளர்கள் டீட்ரா, மார்ட்டி.

"லெஸ்டர் மாமா வந்தாலே ஜனங்க சேனலை மாத்திடறாங்களாம். அவனைக் கொன்னாதான் அடுத்த வருஷம் தொடர் ஓடும். யாராவது எழுதித் தொலைங்கப்பா!"

"கை வரல வெண்டல்," என்றாள் டீட்ரா.

"ஆறு வருஷமா என் ஜோக்கையெல்லாம் சொதப்பினவன். அவனுக்கா பரிதாபம்? தள்ளு, நானே எழுதறேன்."

பத்தாவது நிமிடம் லெஸ்டர் மாமா விருந்தில் வான்கோழி எலும்பு தொண்டையில் சிக்கிச் செத்தார். அதைப் படித்த இருவரும் சிரிக்கவில்லை.

"சிரிங்கப்பா, நல்ல ஜோக்கு!"

"நடிகர்கிட்ட..." என்று இழுத்தான் மார்ட்டி.

"நானே சொல்லிக்கறேன்."

வெண்டல் ஒப்பனை அறைக்குப் போனான். கதவில் 'லெஸ்டர் மாமா: வெண்டல்' என்றிருந்த பலகையைக் கழற்றினான். உள்ளே போய்க் கதவைச் சாத்தித் தாழிட்டுக்கொண்டான்.