இரண்டு மணி நேரத்துக்குள்

"பதினஞ்சு டாலர் குடுத்து வாங்கினா ரெண்டு மணி நேரம்கூட ஓடாதாம். உன்ன யாரு இத வாங்கச் சொன்னா?" என்றார் பத்மநாபன், லேப்டாப்பிலிருந்து கண்ணை எடுக்காமலே.

யாரும் சொல்லவில்லை. அவருடைய ஐம்பத்திரண்டாவது பிறந்தநாளுக்கு இந்த வீடியோ கேமை நானாகத்தான் வாங்கிக் கொடுத்தேன்.

சனிக்கிழமை மத்தியானம் சாப்பாடு முடிந்தால் என் கணவருக்கு வீடியோ கேம் வேண்டும். அதிலும், யார் கண்ணிலும் படாமல் ஒளிந்து ஒளிந்து தப்பிக்கிற கேம்தான் பிடிக்கும்.

வாங்கிய கேமை இரண்டு மணி நேரத்துக்குள் விளையாடிவிட்டு, பிடிக்கவில்லை என்று சொன்னால் முழுக் காசும் திரும்பி வந்துவிடும். மனிதர் அந்த விதியை வேதமாக வைத்திருக்கிறார். ஒரு வருஷம் படுத்துப் புரண்ட மெத்தையையே கடையில் திருப்பிக் கொடுத்துக் காசு வாங்கியவர்.

இந்தக் கேமைச் செய்தது எங்கள் பெண் ரக்ஷா. அது அவருக்குத் தெரியாது. வேறு பேரில் வெளியிட்டிருந்தாள்.

மூன்று வருஷத்துக்கு முன்னால், டிசம்பர் விடுமுறைக்கு வீட்டுக்கு வந்தவள், இன்ஜினீயரிங்கை விட்டுவிட்டுப் படம் வரையப் போவதாகச் சொன்னாள். அவர் ஒன்றும் கத்தவில்லை. அவளுடைய கார் சாவியை எடுத்துப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். பிறகு, "போன்" என்று கையை நீட்டினார்.

பதினெட்டு நாள் இந்த வீட்டுக்குள்ளேயே கிடந்தாள். கார் இல்லாமல் எங்கள் ஊர் ஃபிரிஸ்கோவில் பால் வாங்கக்கூடப் போக முடியாது. அவர் வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவர், அதனால் காவலுக்கும் குறைவில்லை.

பத்தொன்பதாம் நாள் சாயங்காலம் ஆளைக் காணோம்.

எப்படிப் போனாள் என்று அவருக்கு இன்றுவரை புரியவில்லை. கோயிலில் யாராவது கேட்டால், கலிபோர்னியாவில் படிக்கிறாள் என்று சொல்லிச் சமாளிக்கிறார்.

இந்தியன் ஸ்டோர் பார்க்கிங்கில் காருக்குள் உட்கார்ந்துகொண்டு நான் அவளோடு பேசுவேன். கேம் வந்துவிட்டது என்று சொன்ன அன்றைக்கே, "ப்ளீஸ்ம்மா, டாட் இத விளையாடவே கூடாது" என்றாள். ஏன் என்று கேட்டதும் பேச்சை மாற்றினாள். நான் அதைக் கூச்சம் என்று எடுத்துக்கொண்டேன்.

அவர் விளையாடி முடித்து, நன்றாயிருக்கிறது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். உங்கள் பெண் செய்ததுதான் என்று போட்டு உடைத்துவிடலாம். கரைப்பார் கரைத்தால் கல்லும் கரையும் என்று நினைத்தேன். என் புத்தியைச் செருப்பாலடிக்க வேண்டும்.

கேமில் ஒரு வீடு. ஒரு காவல்காரன். ஒரு பெண் அவனுக்குத் தெரியாமல் வெளியே போக வேண்டும். அவ்வளவுதான்.

முதல் அரை மணி நேரம் அவருக்கு ஒரே சிரிப்பு. காவல்காரன் போகும்போதும் வரும்போதும் சுவரிலிருக்கும் ஹீட்டர் தெர்மோஸ்டாட்டை இரண்டு டிகிரி குறைக்கிறான். செருப்பு ஸ்டாண்டு முன்னால் நின்று ஜோடிகளை எண்ணுகிறான். "இவனுக்கு வேற வேலையே இல்லையா?" என்றார்.

காலையில்தான் எங்கள் வீட்டு தெர்மோஸ்டாட்டைக் குறைத்துவிட்டு வந்திருந்தார்.

முன்வாசலில் கேமரா. பின்கதவைத் திறந்தால் அலாரம் பேசும். மிச்சம் இருப்பது கராஜ் கதவுதான். அதைத் திறந்தால் வீடே அதிரும், காவல்காரன் ஓடி வந்து பிடித்துவிடுவான். ஏழு தரம் மாட்டினார்.

எட்டாவது தரம் மாட்டியதும் திரையை அப்படியே நிறுத்திவிட்டு எழுந்தார். போய் எங்கள் செருப்பு ஸ்டாண்டு முன்னால் நின்றார். அங்கே ரக்ஷாவின் வெள்ளை ஷூ இன்னமும் இருக்கிறது.

அவருக்குப் புரிந்துவிட்டது. இப்போதாவது இந்த மனுஷனுக்கு உறைக்கட்டும் என்று ஆஞ்சநேயரை வேண்டிக்கொண்டேன்.

திரும்பி வந்தவர் அழவில்லை. நாற்காலியை இன்னும் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

அந்த வீட்டின் சமையலறையில் ஒரு பெண் நின்றிருந்தாள். முகம் வரையப்படவில்லை. அதுவரை நான்கூட அவளைக் கவனிக்கவில்லை. காவல்காரன் மாடிப்படி ஏறும்போதெல்லாம் அவள் திரும்பிப் பார்த்துவிட்டு ஒரு பொத்தானை அழுத்தினாள்.

மிக்ஸி அலறியது.

ரக்ஷா போன அன்றைக்கு எங்கள் வீட்டில் உப்புமா. அரைக்க ஒன்றுமே இல்லாமல் வெறும் ஜாரைத்தான் ஓடவிட்டேன்.

அவர் மிக்ஸிக்காகக் காத்திருந்தார். அது ஓடத் தொடங்கியதும் கராஜைத் திறந்தார். யாரும் ஓடி வரவில்லை. திரையில் அந்தப் பெண் வெறுங்காலோடு தெருவில் இறங்கினாள். உள்ளே காவல்காரன் செருப்புகளை எண்ணினான். எண்ணிக்கை சரியாக இருந்தது.

கறுத்த திரையில் ஒரே ஒரு வரி வந்தது. ரக்ஷாவின் கோணல் தமிழ் எழுத்து.

'மிக்ஸி போட்ட அம்மாவுக்கு.'

ஒரு நொடி பூரித்துப்போனேன். அந்த ஒரு நொடிதான்.

மூலையில் விளையாடிய நேரம் காட்டியது: ஒரு மணி நாற்பத்தாறு நிமிஷம். திருப்பிக் கொடுக்க இன்னும் பதினாலு நிமிஷம் இருந்தது.

"ரிட்டர்ன் பண்ணலையா?" என்றேன்.

"எதுக்கு? குடுத்த காசுக்கு வொர்த்துதான்."

லேப்டாப்பை மூடினார். சமையலறைக்குப் போய், கொக்கியில் தொங்கிய என் கார் சாவியை எடுத்துப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார்.

திரும்பி வந்து, என் முன்னால் நின்று, கையை நீட்டினார்.